வில்ஃப் மாமா பாடாத பாட்டு

என் மாமா வில்ஃப் பாடியதே இல்லை. சீட்டியடிப்பார், அதுவும் வீட்டில் மட்டும். கப்பலில் சீட்டியடித்தால் புயலைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி என்று கடலில் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். தேவாலயத்தில்கூட உதட்டை மட்டும் அசைப்பார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவர் பெயர் இங்கிலாந்தின் நாட்டுப்பாடல் புத்தகங்கள் நான்கில் ஒரு பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கிறது: 'ஹல் நகர மீனவர் வில்ஃப்ரெட் ஹார்லண்ட் பாடியது. அவர் தங்கை மகள் டோரீன் வழியாகக் கிடைத்தது. ஆசிரியர் தெரியவில்லை.'

அந்த டோரீன் நான். ஆசிரியர் யார் என்று எனக்குத் தெரியும். என் கணவன் நெவில் அவுத்வெயிட். 1965 மார்ச்சில், என் அம்மா வீட்டுச் சமையலறை மேஜையில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இந்தப் பிப்ரவரியில் அவன் போன பிறகு எனக்கு மட்டும்.

நெவில் எங்கள் ஊர்க்காரன் இல்லை. ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்தவன். அங்கே மலையும் கம்பள ஆலையும்தான். எங்கள் ஊர் மரக்கிடங்கில் வேலை கிடைத்து வந்தான். பகலில் பலகை சுமப்பான், மாலையில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கே பாட்டுக் கிளப் என்று தேடுவான். 'நீல நங்கூரம்' பப்பின் மாடியில் செவ்வாய்க்கிழமை தோறும் கிளப் கூடும். அங்கேதான் நாங்கள் சந்தித்தோம்.

அதை நடத்தியவர் மால்கம் ரேவன் என்ற பள்ளி ஆசிரியர். நாட்டுப்பாட்டு என்றால் அவருக்கு உயிர், ஆகவே சட்டமும் இருந்தது. பாட எழுந்தவர் முதலில் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அப்பா பாடினார், நார்ஃபோக்கில் ஒரு தோட்டக்காரர் பாடினார், எதுவும் சரி. எழுதியவன் பெயர் தெரிந்த பாட்டு என்றால் மட்டும் மாடியில் இடமில்லை. நெவில் அங்கே முதன்முறை பாடியது கம்பள ஆலையைப் பற்றிய பாட்டு. ஒரு சரணம் முடிந்ததும் மால்கம் கையைத் தூக்கி இது யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான் என்று இவன் பெருமையாகச் சொன்னான்.

"அப்போ கீழே போய்ப் பாடுங்க தம்பி. கீழே பியானோவும் இருக்கு, குடிகாரனும் இருக்கான்."

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். நெவில் கிதாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மீதி மாலை முழுவதும் மற்றவர்கள் பாட்டுக்குப் பல்லவி சேர்த்துப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபித்துக்கொண்டு போகாத அந்தக் குணத்துக்காகத்தான் அவனை எனக்குப் பிடித்தது.

பிறகு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினான். ஒரு திங்கட்கிழமை மரக்கிடங்கில் விழுந்து கால்சட்டையெல்லாம் சேறாகி வந்து நின்றான். அதை அலசித் தருகிறேன் என்று நான் குழாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு ரெக் அன்று மாலை கடல் ஏறியதும் கப்பலில் போகிறான், இந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்று ஒரு கைக்குட்டைகூட நனையக் கூடாது என்றாள். நெவில் விழித்தான். வெளியே கூட்டிப்போய் நான்தான் சொன்னேன். ஆள் கடலுக்குப் போகிற நாளில் துவைத்தால் அவனையே துவைத்து அனுப்பிவிட்ட மாதிரி. எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 1949 ஜனவரியில் நடந்ததையும் சொன்னேன். எனக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடச் சட்டையில் கோக்கோவைக் கொட்டிக்கொண்டேன். மாற்றுச் சட்டை கிடையாது. அம்மா மார்புப் பக்கத்தை மட்டும், ஒரு கையளவு தண்ணீரில், அலசி அடுப்புப் பக்கம் காயப்போட்டாள். அப்பா அன்று காலைதான் போயிருந்தார். ஐஸ்லாந்துக்கு வடக்கே மேல்தளத்தில் பனிக்கட்டி ஏறிக் கப்பல் கவிழ்ந்தது. இருபது பேர். அம்மா என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சட்டையை நான் அதன்பிறகு பார்க்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நெவில் கேட்டு முடித்துவிட்டு, சேற்றுக் கால்சட்டையோடு பஸ் ஏறிப் போனான்.

இரண்டு வாரம் கழித்துப் பாட்டோடு வந்தான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா மீன் புகைபோடும் கொட்டகைக்கு வேலைக்குப் போயிருந்தாள். மேஜையில் உட்கார்ந்து இன்னும் இரண்டு வரியைத் திருத்தி எழுதிவிட்டு, கிதார் இல்லாமல், ரகசியம் சொல்கிறவன் மாதிரிப் பாடினான். கடலோடியின் மனைவி ஒருத்தி சொல்வதாகப் பாட்டு. ஒவ்வொரு சரணமும் ஒரே வரியில் வந்து முடியும்:

*நீ நனைத்தது எல்லாம் நீருக்கே சொந்தமடி.*

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். என் அம்மா பதினாறு வருஷமாகப் பேசாததை யாரோ பேசிவிட்டது போல இருந்தது.

ஆனால் மூன்றாம் சரணத்தில் ஒரு தப்பு இருந்தது. அவள் துறைமுகச் சுவரில் நின்று சிவப்புத் துணியை அசைக்கிறாள், கப்பல் மறையும்வரை அசைக்கிறாள். எங்கள் தெருப் பெண் எவளும் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகமாட்டாள். வாசலிலேயே திரும்பிக்கொள்வாள். கையசைத்தால் அலை அந்தக் கையைப் பார்த்துவிடும். ஹாலிஃபாக்ஸ்காரனுக்கு இது எப்படித் தெரியும்? சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சரணத்தில்தான் மெட்டு மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் அங்கேயே கொஞ்சம் நிற்கும். சொன்னால் மாற்றிவிடுவான், மெட்டும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் கிளப்பில் அவன் பாடமாட்டேன் என்றான். மறுபடியும் கீழே போகச் சொன்னால் தாங்காது என்றான். நான் பாடுகிறேன் என்று எழுந்தேன். எனக்கு அப்போது நல்ல குரல். மால்கம் வழக்கம்போல எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"என் மாமா வில்ஃப் ஹார்லண்ட்கிட்டேருந்து," என்றேன். "இங்கேருந்துதான் கடலுக்குப் போனாரு. செத்து ஏழு வருஷமாச்சு."

நெவிலுக்காகச் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். என் அம்மா, என் சட்டை, என் கோக்கோ, ஆகவே பாட்டும் என்னுடையதுதான் என்று ஒரு நினைப்பு உள்ளே இருந்தது. அந்த அறை என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பார்த்தார்கள். பாடி முடித்தபோது யாரும் கோப்பையைத் தொடவில்லை. மால்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் நெவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மால்கம் அழுதாரு புள்ள. என் பாட்டுக்கு. எழுதினவன் கீழே போக வேண்டியவன், பாட்டு மட்டும் மேலே." ஏப்ரல் ஒன்றாம் தேதி அவரிடம் சொல்லி அவர் மூஞ்சியைப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அதற்குள் மால்கம் பல்கலைக்கழகத்தில் பழம்பாடல் சேகரிக்கும் ஆட்ரி வின்டர் என்ற அம்மாளுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அவர் ஜூனில் வருகிறேன் என்று பதில் போட்டார். அச்சில் போகிற விஷயம், நேரிலேயே சொல்லிவிடலாம் என்று நெவில் சொன்னான். சரி என்றேன்.

ஆட்ரி வின்டர் சூட்கேஸ் அளவு டேப் ரெக்கார்டரோடு வந்தார். முன்னறையில் அம்மாவின் நல்ல நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். நெவில் ஜன்னல் பக்கம். அவர் மைக்கை என் முன்னால் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, உன்னை மாதிரிக் குடும்பத்தில் ஒருத்தியைத்தான் பத்து வருஷமாகத் தேடுகிறேன் என்றார். மீன் கழுவுகிற கையை அப்படி யாரும் பிடித்ததில்லை. இந்தப் பாட்டு யாரிடம் கற்றது என்று கேட்டார்.

வில்ஃப் மாமாவிடம் என்றேன்.

நெவில் சிரித்தான். பஸ் நிறுத்தத்தில் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு அது தெளிவாக நினைவிருந்தது. பின்னால் எத்தனையோ முறை மனசு உறுத்தும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் எடுத்து வைத்துக்கொள்வேன். அவனும் இருந்தான், அவனும் சிரித்தான், இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதானே.

ஆகஸ்டில் கல்யாணம் செய்துகொண்டோம். இரண்டு வருஷத்தில் புத்தகம் வந்தது. என்னைத் திருவிழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். மீன் கிடங்கு வேலையை விட்டேன். அவனும் மரக்கிடங்கை விட்டான். பழைய வேன் ஒன்று வாங்கி, வாரத்துக்கு நான்கு கிளப் என்று நாடு முழுக்கச் சுற்றினோம். சுவரொட்டியில் பெரிய எழுத்தில், என் அப்பா வழிப் பெயரோடு, 'டோரீன் கேவுட், ஹல் மீனவர் குடும்பத்துப் பாடகி' என்று இருக்கும். அதன் கீழே, பார்த்தால்தான் தெரியும், 'நெவில் அவுத்வெயிட், சொந்தப் பாடல்கள்'. அவன்தான் வேனை ஓட்டுவான், மைக்கைச் சரிசெய்வான், எனக்குத் தொண்டைக்கு இஞ்சி டீ போடுவான். நல்ல பாட்டுகள் எழுதினான். லிஃப்ட் ஓட்டுகிறவனைப் பற்றி, விவாகரத்தான தபால்காரனைப் பற்றி, அவன் அம்மாவின் கைவிரல்களைப் பற்றி. மூன்று இசைத்தட்டு வந்தது. இரண்டாவதைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரர் எழுதியதை அவன் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மால்கம் குரலில் படித்துக்காட்டினான்: 'அவுத்வெயிட் இனிமையாக எழுதுகிறார். ஆனால் அவருடைய மனைவி பாடும் அந்தச் சலவைப் பாட்டு போன்ற பழம்பாடலின் பக்கத்தில் வைத்தால், ஒரு தனி மனிதனின் பேனாவுக்கு எட்டாத ஆழம் எது என்று புரிகிறது.'

"ரெண்டும் ஒரே பேனான்னு தெரிஞ்சா இந்தாளு அவன் பேனாவை முழுங்கிடுவான்," என்றான். சிரித்தோம். பிறகு ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"எப்போ சொல்லப்போறோம் டோரீன்?"

புள்ள என்று கூப்பிடுகிறவன் பெயரைச் சொன்னால் விஷயம் வேறு. வரப்போகிற திருவிழா முடியட்டும் என்றேன். அது முடிந்ததும் இசைத்தட்டு வரட்டும் என்றேன். ஆட்ரி வின்டர் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார், இப்போது வேண்டாம் என்றேன். எல்லாக் காரணமும் உண்மைதான். காரணம் என்றைக்குத்தான் இல்லை.

எழுபத்தொன்றில் லண்டன் இசைக்குழு ஒன்று மின்கிதாரும் டிரம்முமாக அந்தப் பாட்டைப் பதிவு செய்தது. மலைச்சாலையில் வேனில் போகும்போது வானொலியில் வந்தது. நெவில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டு முழுவதும் கேட்டான். அறிவிப்பாளர் 'யார் எழுதினார்கள் என்று தெரியாத மிகப் பழைய பாடல்' என்றார். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே ஆடுகளைப் பார்த்தேன்.

"மூணாவது சரணத்துல டிரம் அடிச்சிருக்கக் கூடாது," என்றான். சாவியைத் திருப்பினான்.

அவன் நினைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது ஒரு பேச்சு உண்டு. சொல்லியிருந்தால் நான் பொய்க்காரி. என் திருவிழா, என் பெயர், எங்கள் சோறு எல்லாம் அந்த ஒரு பாட்டின் மேல் நின்றது. அது அவனுக்குத் தெரியும். ஆகவே நான் சொல்லக் காத்திருந்தான்.

ஒரே ஒரு முறை அவனே சொன்னான். 1979, கடற்கரை ஊர் ஒன்றில் திருவிழா, பெரிய கூடாரம், மதிய நேரம். எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அன்று அந்தப் பாட்டை அவன் பாடுவதாக ஏற்பாடு. மைக் முன்னால் போய் நின்றான். எங்கிருந்து வந்தது என்று சொல்கிற இடம். "இது நான் எழுதினது," என்றான்.

கூடாரம் வெடித்துச் சிரித்தது. நல்ல ஜோக் என்று கைதட்டினார்கள். நெவில் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். கிரிம்ஸ்பி ஊர் மீனவர், நெஞ்சில் பதக்கம்.

"தம்பி, எங்கப்பா இதைப் பாடி நான் கேட்டிருக்கேன். இருபத்தாறாம் வருஷம். வலை பின்னிக்கிட்டே பாடுவாரு. நீ அப்போ பொறக்கவே இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே அவருக்கு அப்பாவின் குரலில் அந்தப் பாட்டு கேட்டுவிட்டிருந்தது. கூடாரம் அவருக்குக் கைதட்டியது. நெவில் திரும்பி, மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தான். நான் ஒரு அடி முன்னால் வந்து, ஆமாம், இவர்தான் எழுதினார் என்று சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும்.

நான் குனிந்து தண்ணீர்க் குவளையைத் தேடினேன். குவளை என் கையிலேயே இருந்தது.

நெவில் பாடினான். நன்றாகவே பாடினான். பாடி முடித்ததும் அந்தக் கிழவரிடம் போய்க் கைகுலுக்கினான். திரும்பி வரும் வழியில் வேனை அவன்தான் ஓட்டினான். பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஒருவேளை எங்கியாவது கேட்டிருப்பேனோ? சின்ன வயசுல? கேட்டது மறந்துபோய், நானே எழுதின மாதிரி..."

எப்போதோ தொலைந்துபோன காலண்டர் தாள், உருளைக்கிழங்கு, சேற்றுக் கால்சட்டை எல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. எல்லாவற்றுக்கும் சாட்சி நான் ஒருத்திதான். எனக்கு அப்போது களைப்பு, பயம், கொஞ்சம் எரிச்சலும்கூட.

"எனக்குத் தெரியாது நெவில்," என்றேன்.

முதலில் சொன்ன பொய்யையாவது இளமை என்று மன்னித்துவிடலாம். இதை என்னவென்று சொல்வது? அதன்பிறகு அவன் எழுதியது நான்கோ ஐந்தோ பாட்டு. ஒரு நல்ல வரி வந்தால் பேனாவை நிறுத்திவிடுவான். இது ஏற்கெனவே எங்கோ இருக்கிறதோ என்று புத்தகங்களில் தேடுவான். கிடைக்காவிட்டாலும் நம்பமாட்டான். எண்பத்து மூன்றில் எழுதுவதை நிறுத்தினான். பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் கிதார் சொல்லிக்கொடுத்தான், மற்றவர்கள் பாட்டைப் பாடினான். சந்தோஷமாகத்தான் இருந்தான் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். தோட்டத்தில் பட்டாணி போட்டான். எனக்கு இஞ்சி டீ போடுவதைக் கடைசிவரை விடவில்லை.

பிப்ரவரியில் மருத்துவமனையில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, சாப்பாட்டு வண்டி வந்துபோன பிறகு கேட்டான்.

"அதை நான்தானே எழுதினேன்?"

எது என்று நான் கேட்கவில்லை. "நீதான்."

"அந்த மேஜைல."

"அந்த மேஜைலதான். நான் கிழங்கு உரிச்சிட்டிருந்தேன். நீ ரெண்டு வரியை அடிச்சுட்டு எழுதினே."

"அப்போ சரி புள்ள," என்று கண்ணை மூடிக்கொண்டான். எல்லோரிடமும் சொல் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மே மாதம் ஒரு ஞாயிறு மதியம் 'நீல நங்கூர'த்தின் மாடியில் அவனுக்காகக் கூடிப் பாடினோம். நாற்பது பேர் இருக்கும். எண்பத்தேழு வயது மால்கமை நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். என் பெரியம்மா மகள் எட்னா வந்திருந்தாள். அவள் புருஷனும் இரண்டு அண்ணன்களும் கடலுக்குப் போனவர்கள். எங்கள் தெருவின் பழைய ஆட்களில் மிஞ்சியவள் அவள்தான். வாய்க்குப் பூட்டு கிடையாது. படியேறும்போதே, இந்த மாடிப்படி உன் புருஷனைவிட முந்திப் போயிருக்க வேண்டியது என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள்.

லிஃப்ட்காரன் பாட்டு, தபால்காரன் பாட்டு என்று ஒவ்வொருவராகப் பாடினார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பாட்டை எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுந்தேன். மால்கம் பழைய நாளை நினைத்துப் புன்னகையோடு கேட்டார்.

"எங்கிருந்து வந்தது டோரீன்?"

"நெவில்கிட்டேருந்து," என்றேன்.

யாரும் திடுக்கிடவில்லை. தலையைச் சாய்த்து, விதவையைப் பார்க்கிற பார்வை பார்த்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நான் மறுபடி சொன்னேன்: வில்ஃப் மாமா பாடவேயில்லை, இதை எழுதியது நெவில், நான் பொய் சொன்னேன்.

"துக்கம் அப்படித்தான் பேச வைக்கும்," என்றார் மால்கம், ரொம்ப மெதுவாக. "அவனுக்கு எதையாவது குடுக்கணும்னு தோணும். புரியுது."

நாற்பத்தெட்டு வருஷம் சொல்லாததைச் சொன்னால் அது அன்பாக மாறிவிடுகிறது. கீழே உட்கார்ந்துவிட்டால் அவர்கள் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் மூன்றாம் சரணம் ஞாபகம் வந்தது.

அவள் துறைமுகச் சுவரில் நின்று கையசைக்கிறாளே, எங்கள் தெருவில் எந்தப் பெண் அப்படிச் செய்வாள் என்று கேட்டேன். அதற்கு ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க விளக்கம் போட்டிருக்கிறார்கள், அந்தப் பயம் தோன்றுவதற்கு முந்தைய காலத்துப் பாட்டு, ஆகவே இருநூறு வருஷம் பழையது என்று. அதெல்லாம் ஒன்றும் இல்லை. எழுதியவன் ஹாலிஃபாக்ஸ்காரன், அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், மெட்டு நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்.

எட்னாதான் வாயைத் திறந்தாள்.

"அப்பாடா. எந்தத் தெருக்காரிடி அந்த அறிவுகெட்டவளுன்னு இத்தனை வருஷமா யோசிச்சிட்டிருந்தேன். நான் அந்தச் சரணம் வந்தா வாயை மூடிக்குவேன், ஒருத்தனாவது கவனிச்சீங்களா? ஹாலிஃபாக்ஸா? அப்போ சரிதான். அவனுக்கு அலையும் தெரியாது, மண்ணும் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வில்ஃப் மாமா பாடினாராம். அந்த மனுஷன் பொறந்தநாள் பாட்டுக்கே வெளியே போயிடுவாரு. புத்தகம் போட்ட ஒருத்தனுக்காவது எங்க வீட்டுக் கதவைத் தட்டிக் கேக்கணும்னு தோணலை."

சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது நம்பியிருந்தார்கள். அது எனக்கு முகத்தில் தெரிந்தது. யாரோ நெவிலின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மால்கம் மட்டும் சிரிக்கவில்லை. "என் அறையில பொய் சொன்னே."

"சொன்னேன். அவன் பேரைச் சொல்லியிருந்தா பாட விட்டிருப்பீங்களா?"

யோசித்தார். நேர்மையான மனிதர். "இல்லை. கீழே அனுப்பியிருப்பேன்."

அந்தப் பதிலில் கொஞ்சம் பாரத்தை அவர்மேல் இறக்கி வைத்திருக்கலாம். அவரும் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் கூடாரத்தில் தண்ணீர்க் குவளையைத் தேடியது மால்கம் இல்லை. பாட்டைப் பாடினேன். மூன்றாம் சரணத்தில் என் குரல் ஏறவில்லை. எட்னா அவளுக்கு வராத குரலில், வாழ்க்கையில் முதன்முறையாக, அந்தச் சரணத்தைப் பாடி முடித்தாள்.

பிறகு கடிதங்கள் வந்தன. பிரிஸ்டலில் ஒரு பாடகி எழுதியிருந்தாள்: அந்தச் சரணம் தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டதே, வாசலில் திரும்பிக்கொள்வது போல மாற்றிப் பாடட்டுமா? தப்புதான், ஆனால் அவனுடைய தப்பு, தொடாதே என்று பதில் போட்டேன்.

ஆட்ரி வின்டரின் டேப்புகள் இருக்கும் காப்பகத்துக்கும் எழுதினேன். அடுத்த அச்சில் பெயரைத் திருத்துகிறோம் என்று பதில் வந்தது. கூடவே, உங்கள் ஞாபகத்துக்கு என்று அந்த 1965 பதிவின் பிரதியையும் ஒரு குறுந்தட்டில் அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் அதைத் தொடாமல் ரொட்டிப் பெட்டியின் மேல் வைத்திருந்தேன். கேட்க ஆசைப்பட்டது என் குரலை இல்லை. நெவிலின் சிரிப்பை. இருபத்தைந்து வயதுச் சிரிப்பு, எங்கள் முன்னறையில், ஜன்னல் பக்கத்திலிருந்து.

காலையில் டீயை வைத்துக்கொண்டு போட்டேன். பதிவில் எங்கள் பழைய தெருவில் பால் வண்டி போகிற சத்தம். ஆட்ரி வின்டர் தேதி சொல்கிறார். இந்தப் பாட்டு யாரிடம் கற்றது என்று கேட்கிறார். சின்ன இடைவெளி. "என் மாமா வில்ஃப்," என்கிறது ஒரு பெண்ணின் குரல், ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

சிரிப்பு இல்லை.

மூன்று முறை போட்டுக் கேட்டேன். ஜன்னல் பக்கம் நாற்காலி ஒன்று தரையில் உரசுகிறது. நான்கு காலடி. கதவு திறந்து, யாருக்கும் தொந்தரவு வரக் கூடாது என்பது போல மெல்ல மூடுகிறது. அதன்பிறகு நான் பாடத் தொடங்குகிறேன்.